பச்சைக் குவளை

"அந்தப் பச்சைக் குவளைய ஸ்டோர் ரூம்ல போடுடி! சிங்க் அடியில கெடந்தா அந்தம்மா கண்ணுல பட்டுத் தொலைக்கும்!"

பிலோமினம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டே கத்தினாள். பஞ்சவர்ணம் குனிந்து, பிளீச் பாட்டிலுக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த எனாமல் குவளையை எடுத்தாள். விளிம்பு பெயர்ந்து கறுத்த குவளை. கடல் கடந்து இந்தச் செங்காங் வீட்டுக்கு வேலைக்கு வந்த முதல் நாளே கிடைத்த சொத்து. அன்றைக்குப் பிலோமினம்மாள் தங்க விளிம்புக் கோப்பையில் காப்பியை நீட்டிக்கொண்டே ஊரைக் கேட்டாள், பஞ்சவர்ணம் சொன்னாள். ஊரில் எந்தத் தெரு என்றாள், அதையும் சொன்னாள். நீட்டிய கை பாதியில் நின்றது. கோப்பை திரும்பிப் போனது, பச்சைக் குவளை வந்தது.

"நீ சூடா குடிக்கிற ஆளு. உனக்குன்னு தனியா ஒண்ணு இருக்கட்டும்."

சூட்டுக்கும் தெருவுக்கும் என்ன சம்பந்தம் என்று பஞ்சவர்ணம் கேட்கவில்லை. சித்தாளாகக் கல் சுமந்தவள். எந்தக் கேள்விக்குக் கூலி நிற்கும் என்று அவளுக்குத் தெரியும்.

வரப்போகிற அந்தம்மா ஜெனீவாக்காரர். இன ஒதுக்கலை ஒழிப்போம் என்று கையெழுத்துப் போட்ட நாடுகள் சொன்னபடி நடக்கின்றனவா என்று பார்க்கும் ஐ.நா. குழுவுக்கு, நாடு நாடாகப் போய்த் தகவல் சேர்த்துக் கொடுப்பவர். சாதியையும் அந்தக் கணக்கில்தான் சேர்ப்பார்கள். அரசாங்கம் ஓர் அறிக்கை தரும். சங்கங்களும் தங்கள் பங்குக்கு ஒன்று தரலாம். அப்படி ஒரு சங்கத்துக்குத் தலைவர் பிலோமினம்மாளின் கணவர் இயேசுதாசன். நேற்று தேக்காவில் நடந்த கூட்டத்தில், "எங்கள் வீடுகளில் சாதி கிடையாது! வேண்டுமானால் என் வீட்டுக்கே வந்து பாருங்கள்!" என்று முழங்கிவிட்டார். அந்தம்மா, "நாளைக்கு வரலாமா?" என்று கேட்டுவிட்டார்.

"பிலோ!" கூடத்திலிருந்து இயேசுதாசன் குரல் கொடுத்தார். "வர்ணமும் நம்மளோட உக்காந்து காப்பி குடிக்கட்டும். அதான் ப்ரூஃப்!"

"நான் எதுல ஊத்திக்கட்டும் மேடம்?" பஞ்சவர்ணம் பச்சைப்பிள்ளை மாதிரி கேட்டாள்.

பிலோமினம்மாள் கண்ணாடி அலமாரியைப் பார்த்தாள். திருமண வெள்ளிவிழாவுக்கு வந்த ஆறு தங்க விளிம்புக் கோப்பைகள். பிறகு பச்சைக் குவளையைப் பார்த்தாள். அழைப்பு மணி அடித்தது.

"உன்னோடதுலயே ஊத்தித் தொலை. நல்லா தேய்ச்சுக் கழுவிக் கொண்டா. என்ன கேட்டாலும் சொல்லிக்குடுத்ததை மட்டும் சொல்லு. மாத்திப் பேசினே, வேலை பெர்மிட் ரினியூ கிடையாது. நேரா சாங்கி ஏர்போர்ட்தான்."

ஊரில் மகள் நர்சிங் படிக்கிறாள். பஞ்சவர்ணம் தலையாட்டினாள்.

தட்டில் மூன்று தங்க விளிம்பு, ஒரு பச்சை. விருந்தாளி முன்னால் நீட்டினாள். குவளையின் பிடி எப்படியோ அந்தம்மா பக்கமாகத் திரும்பியிருந்தது.

"அட, என்ன அழகு! இப்போதெல்லாம் இது கிடைப்பதே இல்லை!" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே அதைத்தான் எடுத்தார்.

"ஐயோ, நோ லா!" பிலோமினம்மாள் எழுந்தே விட்டாள்.

"ஏன்?"

இயேசுதாசன் தொண்டையைக் கனைத்தார். "ஓரம்... கொஞ்சம் பெயர்ந்திருக்கிறது."

"பரவாயில்லை. இது யாருக்காவது உரியதா?" அந்தம்மா நேராகப் பஞ்சவர்ணத்தைக் கேட்டார்.

பிலோமினம்மாளின் கண்ணில் விமானம் ஒன்று கிளம்பத் தயாராக நின்றது.

"சேம் சேம் மேடம். ஒன் ஃபேமிலி." சொல்லிக்கொடுத்ததில் ஓர் எழுத்து மாறவில்லை.

அந்தம்மா மலர்ந்துபோய் ஒரு வாய் குடித்தார். கணவனும் மனைவியும் ஆளுக்கொன்று எடுத்ததும் தட்டில் மிஞ்சியது ஒரு தங்க விளிம்பு. பஞ்சவர்ணம் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து அதை எடுத்தாள். அவசரமே இல்லாமல் குடித்தாள். பிலோமினம்மாளின் காப்பியில் ஆடை படிந்தது.

கிளம்பும்போதும் அந்தம்மா குவளையையே பார்த்தார். "எடுத்துக்கொள்ளுங்கள்! எங்கள் நினைவாக!" என்று இயேசுதாசன் அதைக் கழுவித் துடைத்து, தாளில் சுற்றியே கொடுத்துவிட்டார். தொலைந்தது சனியன் என்ற நிம்மதி அவருக்கு.

லிஃப்ட் கதவு மூடியதும் பிலோமினம்மாள் அடுப்படிக்கு ஓடினாள்.

"எதுலடி குடிச்ச?"

"தங்கக் கோப்பைல மேடம். என்னோடதைத்தான் அவங்க எடுத்துக்கிட்டாங்களே."

"அது தெரியும்! ஆறுல எது?"

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கே மேடம். ஒண்ணா கழுவி அடுக்கிட்டேன்."

பிலோமினம்மாள் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மோந்தும் பார்த்தாள். எதுவும் காட்டிக்கொடுக்கவில்லை.

"அடுத்த வருஷமும் வருவாங்களாம், பிலோ. வர்ணத்தைப் பாக்கணும்னாங்க," என்றார் இயேசுதாசன். "பெர்மிட்டை ரினியூ பண்ணிடுவோம். அவளுக்குன்னு தனியா எதையும் வாங்கி வச்சிடாத."

"வீட்டுக்கு வந்து பாருங்கன்னு யாரு சொன்னது? பேசாம இருங்க!"

மறுநாள் பிலோமினம்மாள் தேக்காவுக்குப் போய்ப் புதுக் குவளை ஒன்று வாங்கி வந்தாள். மேல்தட்டில், யார் கையும் படாத மூலையில் வைத்தாள்.

இயேசுதாசனின் அறிக்கை ஜெனீவாவுக்குப் போனது. 'எங்கள் வீட்டில் பணிப்பெண்ணுக்கென்று தனிக் குவளை கிடையாது' என்று அதில் எழுதியிருந்தார். பொய்யில்லை. காலையில் பஞ்சவர்ணம் தங்க விளிம்புக் கோப்பையில்தான் காப்பி குடிக்கிறாள்.

தனிக் குவளை இப்போது பிலோமினம்மாளுக்கு.