முதலாளியின் ஹென்றிகள்

என் மகன் பிறந்து கண்ணைக்கூடச் சரியாகத் திறக்கவில்லை. அதற்குள் ஹென்றி முதலாளி தன் விரலை அவன் வாயில் வைத்துவிட்டார்.

சேனை வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாக இனிப்பைத் தொட்டு வைப்பவருடைய குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அம்மா அதற்காகத் தன் தம்பியைச் சொல்லி வைத்திருந்தாள். மாமா வந்து சேர்வதற்குள் முதலாளி வார்டுக்குள் வந்துவிட்டார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். கிண்ணத்தில் கரைத்து வைத்திருந்த சீனித் தண்ணீரில் மோதிர விரலை முக்கினார். மோதிரக் கல்லைச் சுற்றி அழுக்கு பச்சையாக உறைந்திருந்தது. அத்தர் போட்டிருந்தார். அத்தருக்கு அடியில் இறால் ஓட்டின் வாடை. அந்த விரலை என் பிள்ளை சப்பினான்.

"பாத்தியாலே, விட மாட்டேங்கான்!" முதலாளி சிரித்தார். "குட்டி ஹென்றிக்கு நம்ம விரலு ருசிச்சுப் போச்சி."

என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று பல் தெரியச் சிரித்தார். அவர் பெயரும் ஹென்றிதான்.

எனக்குக் குமட்டியது. பிரசவம் ஆன உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி நர்ஸ் ஒரு தட்டை நீட்டினாள்.

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் ஹென்றி என்ற பெயர் எப்படி இவ்வளவு பெருகியது என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும். முதலாளிக்கு விசைப்படகுகளும் ஓர் ஐஸ் பிளாண்டும் இருக்கின்றன. அவரிடம் வேலை பார்ப்பவர் வீட்டில் ஆண் பிள்ளை பிறந்தால் ஞானஸ்நானத்துக்கு அவர்தான் ஞானத்தகப்பன். ஞானத்தகப்பன் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது எங்கள் ஆட்களிடம் உண்டு. மற்ற வீடுகளில் அது யாரும் கூப்பிடாத இரண்டாவது பெயராகக் கிடந்துவிட்டுப் போகும். முதலாளி அப்படி விடமாட்டார். "ஏன், எம் பேரச் சொல்லிக் கூப்பிட வெக்கமா இருக்கோ?" என்று கேட்பார். யாருக்கும் வெட்கமாக இருந்ததில்லை. அப்படி வந்தவர்கள்தான் இத்தனை ஹென்றிகள்.

அவர்களில் நான்கு பேர் விளையாட்டில் பேர் வாங்கினார்கள். பளு தூக்கி மெடல் வாங்கிய ஹென்றி. கடலில் வெகுதூரம் நீந்திப் பேப்பரில் வந்த ஹென்றி. மாவட்டக் கபடி அணியில் ஆடிய ஹென்றி. கால்பந்தில் என் ஹென்றி. ஊரில் அவர்களைப் பளு, நீச்சல், கபடி, பந்து என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் நான் 'பந்து பொண்டாட்டி'.

கல்லூரி நாட்களில் நூலகத்திலிருந்து மொழிபெயர்ப்பு நாவல்களாக அள்ளிக்கொண்டு வருவேன். பனி கொட்டும் நகரங்கள், குதிரை வண்டிகள், ஒரே பெயரில் வரிசையாக வரும் ராஜாக்கள். முதலாம், இரண்டாம், மூன்றாம் என்று எண் போட்டிருக்கும். இந்த ஹென்றிகளைப் பற்றிக் கேள்விப்பட்டபோது எனக்கு அந்த நினைப்புதான் வந்தது. உப்புக்காற்றில் ஒரு ராஜவம்சம் என்று கொஞ்ச நாள் கனவுகூடக் கண்டேன். பிறகு தெளிந்தது. அந்தக் கதைகளில் எண் ராஜாவுக்கு. இங்கே ராஜா ஒருவர்தான். எண் வேலையாட்களுக்கு.

என் ஹென்றி மாநிலப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் கோல் போட்டவர். மறுநாள் பேப்பரில் 'தூத்துக்குடி அணியின் ஹென்றி' என்று வந்தது. அதே அணியில் முதலாளியின் தங்கை மகனும் இருந்தான். அவனும் ஹென்றி. போட்டி முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில்களுக்குக் காவல் இருந்தவன். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அலுவலகத்தில் வேலை வந்தபோது, கோல் போட்ட ஹென்றி எந்த ஹென்றி என்று கால்பந்து கிளப்பின் தலைவர் சொல்ல வேண்டியிருந்தது. கிளப் தலைவர் முதலாளி. தங்கை மகன் இப்போது கழுத்தில் அடையாள அட்டையோடு வேலைக்குப் போகிறான். என் ஹென்றி முதலாளியின் ஐஸ் வண்டி ஓட்டுகிறார்.

இதை யாருக்கோ நடந்ததுபோலச் சிரித்துக்கொண்டே அவர் எனக்குச் சொன்னார். "அவனும் ஹென்றிதானளா. பேருக்கு வேலை கெடச்சிருச்சில்லா?"

பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் என்று முடிவானது. அதற்குச் சில நாட்களுக்கு முன்பு, பிள்ளையை ஐஸ் பிளாண்டுக்குக் கொண்டுவரச் சொல்லி முதலாளி ஆள் அனுப்பினார். பிளாண்டின் தரையில் மீன் கழுவிய தண்ணீர் செருப்பை முட்டி நின்றது. அதில் கணவாய் மீனின் கறுப்பு மை நூல் நூலாக மிதந்தது. அமோனியா நெடியில் பிள்ளை தும்மினான். அலுவலக அறைக்குள் மட்டும் ஏசி. சுவரில் நான்கு ஹென்றிகளின் படங்கள், ஒவ்வொன்றையும் சுற்றிச் சீரியல் பல்பு. அற்புதம் செய்த புனிதர்களுக்குப் போடுவது போல.

கொச்சியிலிருந்து வந்த வியாபாரிகள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி சுவரைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று கதவைத் திறந்து, "ஏலே பளு! இங்கன வா" என்று கத்தினார்.

பளு வந்தார். படத்தில் இருந்த தோள்கள் அவரிடம் இன்னும் மிச்சமிருந்தன. இடுப்பில் பட்டை கட்டியிருந்தார். முதுகு போனபின் பளுவை விட்டுவிட்டு, இதே பிளாண்டில் ஐஸ் கட்டி இழுக்கிறார்.

"படத்துல இருக்கது இவன்தான். சட்டையக் கழட்டுல. ஒரு கட்டியத் தூக்கிக் காமி, அண்ணாச்சிமாரு பாக்கட்டும்."

"முதுகு சரியில்ல முதலாளி."

"ஒனக்கு எப்பதாம்ல முதுகு சரியா இருந்திச்சு? ஒண்ணே ஒண்ணு."

பளு வெளியே போய் ஒரு முழுக் கட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்தார். வாசலில் நின்று அதைத் தலைக்கு மேல் தூக்கினார். ஐஸ் தண்ணீர் அக்குளில் இறங்கி விலா எலும்புகளில் வழிந்தது. வியாபாரிகளில் ஒருவர் செல்போனில் படம் பிடித்தார். கைதட்டினார்கள். கட்டியைக் கீழே வைத்தவர் நிமிரவில்லை. நிமிர முடியவில்லை. தரையில் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர்போல அப்படியே குனிந்து நின்றார்.

"பாத்தியளா, ஒங்களக் கும்பிடுதான்" என்றார் முதலாளி.

அறை முழுக்கச் சிரிப்பு. நான் என் ஹென்றியைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு முதலாளி என் மடிப்பக்கம் குனிந்தார். கேட்காமலே துணியை விலக்கி, பிள்ளையின் தொடையைக் கட்டைவிரலால் அமுக்கினார். ஏலம் விடும் இடத்தில் சீலா மீனை அமுக்கிப் பார்ப்பார்களே, அதே அமுக்கு. மறு தொடையையும் அமுக்கினார்.

"காலு நல்லாருக்கு. இவன ஓட்டத்துக்கு விட்டுருவோம். ஓட்டத்துல நமக்கு ஆளில்ல."

வீட்டுக்கு வந்ததும் பிள்ளையின் கால்களைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். அவன் அலறினான். தோல் சிவக்கும்வரை கழுவியிருக்கிறேன் என்று அப்புறம்தான் தெரிந்தது. என் ஹென்றி துண்டோடு வந்து பிள்ளையைப் பிடுங்கினார்.

"ஏளா மெட்டில்டா, ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?"

"இவனுக்கு ஹென்றின்னு பேரு வேண்டாம்."

"என்ன சொல்லுத நீ? ஃபிளெக்ஸ் அடிக்கவே குடுத்தாச்சி."

"அடிக்கட்டும். எனக்கு அருவருப்பா இருக்கு."

"யாரு மேல? முதலாளி மேலயா?"

"அந்தப் பேரு மேல."

அவர் முகம் சுருங்கியது. பிள்ளையைத் துடைத்தார். "எம் பேருளா அது" என்றார்.

"நீங்க எங்க ஹென்றி? அவருதான் ஹென்றி. நீங்க பந்து."

சொன்ன பிறகு வாயைக் கழுவ வேண்டும்போல இருந்தது. அவர் பிள்ளையைப் பாயில் படுக்க வைத்தார். வெயிலில் காய்ந்த வலைகளைப் பார்த்தபடி வாசலில் நின்றார்.

"நா வேற என்ன வேல பாக்க? பந்தத் தவிர வண்டி ஓட்டத்தான் தெரியும். வண்டி அவருது. பேரு மாறுச்சின்னா மறுநாள் சாவியக் கேப்பாரு. சோத்துக்கு என்ன செய்யச் சொல்லுத?"

அவர் சொன்னது நிஜம். ஆனால் கண்ணை மூடினால் அந்தக் கட்டைவிரல்தான் தெரிந்தது. என் பிள்ளை வளர்ந்து, ஓடி, மெடல் வாங்கி, கால் ஒடிந்து, யாரோ வியாபாரிகள் முன்னால் பேண்ட்டை மடித்துக் காலைக் காட்டிக்கொண்டு நிற்பான். அவன் ஓடிய ஓட்டத்தை வேறொரு ஹென்றிக்குக் கொடுப்பார்கள். அதற்கும் என் பிள்ளை சிரிப்பான். அவன் சிரிப்பான் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் ஃபிளெக்ஸ் கட்டியிருந்தது. நான்கு மூலையிலும் நான்கு ஹென்றிகள். நடுவில், யாரோ ஓட்டக்காரனின் முறுக்கேறிய உடம்பில் என் பிள்ளையின் முகத்தை ஒட்டியிருந்தார்கள். ரோமம் அடர்ந்த தொடைகளுக்கு மேலே பொக்கை வாய் சிரித்தது. கீழே, 'ஐந்தாவது சிங்கம்'. எல்லாப் படங்களுக்கும் மேலே, எல்லோரையும்விடப் பெரிதாக, கூலிங் கிளாஸ் போட்ட முதலாளி. போகிறவர் வருகிறவர் எல்லாம் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்தார்கள்.

"அய்யோ, என்ன அழகு!" என்று ஓர் அக்கா என் கன்னத்தைக் கிள்ளினாள். பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

ஞானஸ்நானச் சடங்கு கோயில் வாசலிலேயே தொடங்கும். பிள்ளை என் கையில். ஒரு பக்கம் என் ஹென்றி, மறு பக்கம் ஞானத்தகப்பனாக முதலாளி. பின்னால் அவருடைய ஆட்கள். ஃபாதர் ஊருக்குப் புதியவர். எங்கள் பங்குக் கோயிலுக்கு மாற்றலாகி வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. புத்தகத்தைத் திறந்து வாசித்தார்.

"உங்கள் குழந்தைக்கு என்ன பெயர் இட விரும்புகிறீர்கள்?"

"ஹென்றி" என்றார் முதலாளி. பழைய ஃபாதர் காலத்தில் இந்தக் கேள்விக்கு அவர்தான் பதில் சொல்லுவார். இவ்வளவு ஹென்றிகளுக்கும் அவரே சொல்லியிருக்கிறார். வேறு யாரும் சொல்லலாம் என்றே எங்கள் ஆட்களுக்குத் தோன்றியதில்லை.

ஃபாதர் நிமிர்ந்து பார்த்தார். "இதுக்குப் பெத்தவங்கதான் பதில் சொல்லணும் அண்ணாச்சி."

"அதுக்கென்ன ஃபாதர், எல்லாம் ஒண்ணுதான். எழுதியும் குடுத்தாச்சி."

"இருக்கட்டும். அவங்க சொல்லட்டும்." என்னைப் பார்த்து மறுபடியும் கேட்டார்.

முதலாளியின் அத்தர் நெடி என் கழுத்துவரை வந்தது. "சொல்லும்மா, கூச்சப்படாத" என்று அவர் என் தோளில் கை வைத்தார்.

"ஜெஸ்டின்" என்றேன்.

பின்னால் யாரோ இருமினார்கள். பிறகு அந்த இருமலும் நின்றது. அந்தப் பெயரை நான் யாருக்காகவும் தேர்ந்தெடுக்கவில்லை. அந்த ஃபிளெக்ஸில் இல்லாத ஒரு பெயர், அவ்வளவுதான்.

ஃபாதர் என் ஹென்றியைப் பார்த்தார். "தகப்பனார் என்ன சொல்றீங்க?"

என் ஹென்றி முதலாளியைப் பார்த்தார். முதலாளி சிரித்தபடி தலையை மெல்ல அசைத்தார், நாயிடம் பந்தைக் கொண்டுவரச் சொல்லுகிறவர்போல. என் ஹென்றி குனிந்து, பிள்ளையின் முகத்தை முதல்முறை பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தார்.

"அவ சொன்னதுதான் ஃபாதர்" என்றார். பிறகு, "ஜெஸ்டின்."

கோபித்துக்கொண்டு முதலாளி போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. சிரிப்பும் குறையவில்லை. ஞானத்தகப்பனாகவே கடைசிவரை நின்றார். சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்று ஃபாதர் கேட்டபோது, "விட்டுவிடுகிறேன்" என்று எல்லோரையும்விட உரக்கச் சொன்னார். பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றி எண்ணெய் பூசி முடிந்ததும், அந்த எண்ணெயின் மேலேயே உதட்டை வைத்து முத்தம் கொடுத்தார். சத்தம் கேட்கும்படி.

கோயிலுக்குப் பின்னால் உள்ள ஹாலில் பிரியாணி. முதலாளி நடுமேஜையில் உட்கார்ந்து எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார். என் ஹென்றியைக் கண்ணால் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன்.

"நல்ல பேருதாம்ல. ஜெஸ்டின்." வாயில் சோற்றோடு, ரொம்ப மெதுவாக, பிரியமாகப் பேசினார். "வண்டிச் சாவிய இங்கன வச்சிட்டுப் போ. எம் பேரு வேண்டாம்னு சொன்ன வீட்டுக்கு எம் வண்டி எதுக்கு?"

என் ஹென்றி சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். மேஜையில் இடமில்லை. கடித்துப் போட்ட எலும்புகளுக்குப் பக்கத்தில் வைத்தார். வைத்த கையோடு மறு கையையும் சேர்த்து, "வாரேன் முதலாளி" என்று கும்பிட்டார்.

கும்பிட்டார். அதைப் பார்த்ததும் பிள்ளை பிறந்த அன்றைய குமட்டல் அப்படியே வந்தது. இந்தமுறை என் வீட்டுக்காரர் மேல். வார்த்தையால் பேரை மாற்றிவிட்டோம், இந்தக் கைகளை எப்படி மாற்றுவது?

ஒன்றும் சாப்பிடாமல் கிளம்பினோம். வெயில் கொதித்தது. கடற்கரை ரோட்டில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. ஈக்கள் எழுந்து எழுந்து உட்கார்ந்தன. அவர் எனக்கு இரண்டடி முன்னால் நடந்தார்.

"ஜெஸ்டின்னு ஊர்ல எத்தன பேரு இருப்பான்?" என்று திரும்பாமலே கேட்டார்.

"இருக்கட்டும். அவங்க வேற, இவன் வேற."

நின்றார். "நாளைக்கு ஹார்பர்ல லாரிக்கு ஆள் கேப்பாங்க. பாக்குதேன்" என்றார். பிறகு இரண்டு கைகளையும் நீட்டினார். "குடு, கொஞ்சம் தூக்கிட்டு வாரேன்."

நான் கொடுக்கவில்லை.

"மொதல்ல கையக் கழுவுங்க" என்றேன்.

அவர் என்னையும் தன் கைகளையும் பார்த்தார். எதற்கு என்று கேட்கவில்லை. தெருக்குழாயடியில் குடங்களோடு நின்ற பெண்கள் வழிவிட்டார்கள். குனிந்து, முழங்கைவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

"என்ன பந்து, பிரியாணி கையிலயே ஒட்டிக்கிடுச்சோ?" என்று ஒருத்தி கேட்டாள்.

அவர் சிரிக்கவில்லை.