கொஞ்சமாக எடுத்துக்கொள்ளுங்கள்

எங்கள் குடியிருப்பினர் சேர்ந்து நடத்தும் கூட்டுறவுக் காய்கறிக் கடையில், சுற்றுவட்டாரத்தில் விளைந்தவற்றை மட்டுமே விற்போம். உறுப்பினர்களே முறைவைத்து வேலை பார்ப்போம். அந்தச் சனிக்கிழமையும் தராசு என் பொறுப்பில் இருந்தது.

அக்காவின் கணவர் ஆறு கூடை பீன்ஸ் கொண்டுவந்திருந்தார். கொண்டுவந்த காயில் பாதிக்கு மேல் இருமுறை தேங்கினால், கடையில் அவருக்கு ஒதுக்கிய அடுக்கு காத்திருக்கும் அடுத்த விவசாயிக்குப் போய்விடும் என்பது விதி. அத்தானுக்கு ஒருமுறை தேங்கியாயிற்று. ஆகவே அன்று மூன்று கூடையாவது காலியாக வேண்டும்.

"ஒடிச்சா படக்குன்னு சத்தம் வருது பாரு, உங்கக்கா கோவம் மாதிரி," என்று ஒரு காயை ஒடித்துக் காட்டினார்.

வந்தவர்கள் கத்தரிக்காயைக் கிலோக் கணக்கில் அள்ளினார்கள். பீன்ஸை மட்டும் ஆளுக்கொரு கைப்பிடிதான் எடுத்தார்கள்.

"எனக்கு இது போதும் தம்பி," என்றார் தையற்கார அம்மா.

இன்னும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். உறவினருக்காகப் பேசுகிறேன் என்று எண்ணிவிடுவார்களோ என்ற கூச்சத்தில், நன்றி மட்டும் சொன்னேன்.

"என்ன மாப்ள, எல்லாரும் மருந்து வாங்குற மாதிரி வாங்கிட்டுப் போறாங்க?" என்றார் அத்தான்.

மதியம் கடையை அடைக்க வாசலுக்குப் போனபோதுதான் வெளிச்சுவரில் பலகையைக் கண்டேன். "பீன்ஸ் குறைவாக உள்ளது. அன்புகூர்ந்து கொஞ்சமாக எடுத்துக்கொள்ளுங்கள்." என் கையெழுத்துதான். சென்ற வாரம் பூச்சி விழுந்து அரைக் கூடையே வந்தபோது எழுதி மாட்டியது. உள்ளே எடுத்துவைக்க மறந்திருக்கிறேன். வேலைக்கு வருபவர்களும் காய் கொண்டுவருபவர்களும் பின்கதவால் வருவதே வழக்கமாதலால், காலையில் எங்களில் எவர் கண்ணிலும் படவில்லை.

நான்கரைக் கூடை மிஞ்சியிருந்தது. செயலாளர் அம்மாவிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"புரியுதுப்பா. ஆனா அடுத்தவர் ஒரு வருஷமா காத்திருக்கார். உன் அத்தான்னு விட்டுட்டா, அவர்கிட்ட நான் என்ன சொல்றது?"

அந்த விதிக்கு நானும் கை தூக்கியவன்.

அத்தான் பலகையைக் கழற்றி நிதானமாகப் படித்தார். "கையெழுத்து நல்லாத்தான் இருக்கு, மாப்ள," என்று என்னிடம் நீட்டினார். பிறகு கூடைகளை வண்டியில் ஏற்றத் தொடங்கினார். நானும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன்.

எதிர்ச்சாரியில் நடந்துபோன தையற்கார அம்மா நின்று, "பீன்ஸ் எல்லாருக்கும் கிடைச்சுதா தம்பி?" என்று கேட்டார்.

அத்தான் என்னைப் பார்த்தார்.

"கிடைச்சுதும்மா," என்றேன்.