ஒட்டுக்குக் கீழே

ஒட்டுக் கட்டிய பதினெட்டாம் நாள் காலையில் அண்ணன் தோட்டத்திலிருந்தே கத்தினான். "வெளிநாட்டு மாப்பிள்ளை கண்ணு முழிச்சிட்டாரு! ஓடி வா!"

செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினேன். எங்கள் ஒயினுக்கு நல்ல பெயர் வாங்கித் தந்த வரிசை அது. நாற்பது திராட்சைக் கொடிகள், அண்ணன் தன் கையால் குச்சி நட்டு வளர்த்தவை. என் பேச்சைக் கேட்டுத்தான் நாற்பதையும் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டி, வெளிநாட்டு ரகத்தின் குச்சிகளை ஒட்டுக் கட்டினோம்; அவற்றைத்தான் அண்ணன் மாப்பிள்ளை என்பான். வெட்டிய அன்று அவன் சாப்பிடவில்லை.

எல்லாக் கொடியிலும் தளிர் வந்திருந்தது உண்மைதான். ஆனால் ஒட்டுக்கு நாலு விரல் கீழே.

"அண்ணா, இது மாப்பிள்ளை இல்ல. பழைய கொடிதான் தளிர்க்குது. இத விட்டா சாறெல்லாம் இதுவே குடிச்சிடும், மேல கட்டின குச்சி காஞ்சிடும். கிள்ளி எறியணும்."

"எறிஞ்ச பிறகு ஒட்டும் பிடிக்கலேன்னா?"

"கொடியே போயிடலாம்." பொய் சொல்ல வாய் வரவில்லை.

அவன் திரும்பிப் பீப்பாய் அறைக்குப் போய்விட்டான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. படித்துவிட்டு வந்தவள் என்று மார்தட்டியது நான்தானே, அவளே கிள்ளட்டும் என்று விட்டிருப்பான்.

கிள்ளினேன். முப்பத்தொன்பது முடிந்து கடைசிக் கொடிக்கு வந்தபோது நிறுத்திவிட்டேன். பயம், வெறும் பயம். இது ஒன்றாவது பிழைக்கட்டும் என்று அந்தத் தளிரைக் கிள்ளாமல் சருகு போட்டு மூடினேன். கெட்டிக்காரத்தனம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

மறுநாள் போய்ப் பார்த்தால் சருகு விலகிக் கிடந்தது. தளிரைக் காணோம். பக்கத்தில் அண்ணன் குந்தியிருந்தான், கட்டைவிரல் நகமெல்லாம் பச்சை.

"நீதான் கிள்ளினியா?"

"வெட்டறதுக்கு முன்னாடி என்ன சொன்னே? 'என்னை நம்பு அண்ணா'ன்னே. நம்பிட்டேன்," என்றான். "உன்னை நீ எப்ப நம்பப் போறே?"

கொடியைப் பார்த்தேன். ஒட்டுக்கு மேலே இன்னும் ஒன்றுமில்லை.