மார்லிஸின் நான்காவது கடைசி ஆட்டம்

எங்கள் ஊரில் மார்லிஸ் ட்வெட்டன் ஓய்வு பெறுவது வருடாந்திர விசேஷம். ஏப்ரலில் ஸ்கேட்டிங் கிளப்பின் ஆண்டு விழா வரும். விளக்கையெல்லாம் அணைத்து ஒற்றை வெளிச்சத்தில் ஆடும் கடைசி ஆட்டம் ஊரின் சாம்பியனுக்கு. மூன்று வருடமாக "இதுதான் கடைசி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆடினாள். நாங்களும் மூக்கைச் சிந்திக்கொண்டு, பனித்தரை மறையும்வரை பாராட்டாகப் பொம்மைக் கரடிகளை எறிந்தோம். அடுத்த ஏப்ரலில் பார்த்தால் அம்மணி புது உடுப்பில் நிற்பாள்.

தேசியப் பட்டத்தை இரண்டு முறை வென்றவள்தான், யார் இல்லையென்றது? அதற்காக முப்பத்திரண்டு வயதிலுமா?

இந்த வருடம் கிளப் தலைவி க்ரெச்சனுக்குப் பொறுக்கவில்லை. அவள் மகள் டேசி புதிதாக மினசோட்டா மாநிலப் பட்டம் வாங்கியிருக்கிறாள். காலணி மாட்டும் அறையில் மோதல். காபி ஊற்றிக்கொண்டிருந்த என் காதுக்கு ஒரு வார்த்தைகூடத் தப்பவில்லை.

"கடைசி ஆட்டத்த டேசிக்கு விட்டுரு மார்லிஸ். எத்தனை தடவைதான் போவே?"

"இந்தத் தடவை நெசமாவே போறேன்."

"போன வருஷமும் இதே நெசம்தான்."

"கைதட்டலோட போகணும் க்ரெச்சன், அவ்வளவுதான் கேக்கறேன். உன் பொண்ணுக்கு இன்னும் எவ்வளவோ வருஷம் இருக்கே."

"நீ நகர்ந்தாத்தானே இருக்கும்!"

மார்லிஸ் அந்தக் கோபத்தை, ஸ்கேட்டோடு உள்ளே வந்த டேசி மேல் காட்டினாள். "ஏய், ஸ்கேட் பிளேடுக்கு உறை எங்கடி? சிமெண்ட்ல ஒரு அடி வச்சா பிளேடு செத்துது. சாம்பியனாம்!" மார்லிஸ் கழிப்பறைக்குக்கூட உறை மாட்டித்தான் போவாள்.

க்ரெச்சன் விட்டுக்கொடுத்தாள். வீட்டுக்குப் போய் வரிசையாக ஃபோன் போட்டாள். "ஆடட்டும். ஆனா ஒருத்தரும் ஒரு பொம்மைகூட எறியக் கூடாது. கைய மடியிலயே வச்சுக்குங்க." எங்கள் தெருவுக்குச் சொல்லும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். நல்ல காரியத்துக்குச் சோம்பல் கூடாது.

விழாவில் மார்லிஸ் முதல் தாவலிலேயே விழுந்தாள். எழுந்து, ஆட்டத்தை முடித்து, நடுவில் கைகளை விரித்து நின்றாள். ஒரு சத்தமில்லை. பனியை உறைய வைக்கும் இயந்திரம் மட்டும் முனகியது. எங்களை வரிசை வரிசையாகப் பார்த்தாள். என்னைக் கொஞ்சம் கூடுதலாக.

பிறகு வாசலுக்குச் சறுக்கி வந்தாள். தடுப்புச் சுவர்மேல் அவளுடைய இளஞ்சிவப்பு உறைகள் இருந்தன. அவற்றைத் தொடவில்லை. ரப்பர் விரிப்பைத் தாண்டி வெறும் பிளேடோடு சிமெண்டில் இறங்கினாள்.

க்ரீச்ச்.

பிள்ளைகளை ஸ்கேட்டிங்கில் விட்டு வளர்த்த ஊர் இது. அத்தனை பேருக்கும் பல் கூசியது. அவள் அவசரப்படவில்லை. முன்வரிசை ஓரமாக, ஒவ்வொருவர் முழங்காலையும் உரசுவதுபோல் காலை இழுத்து இழுத்து நடந்தாள்.

க்ரெச்சன் தன்னையறியாமல் எழுந்துவிட்டாள். "ஐயோ, பிளேடு! உறையப் போடு மார்லிஸ்!"

"எதுக்கு? இனிமே யாருக்கு வேணும்?"

கதவு மூடிக்கொண்டது. அவள் நிஜமாகவே போய்விட்டாள் என்பதில் இந்த முறை யாருக்கும் சந்தேகமில்லை.

மறுநாள் க்ரெச்சன் உறைகளை என் பக்கம் தள்ளினாள். "நீதானே எதிர்வீடு, கொண்டுபோய்க் குடு."

"ஃபோன் போட்டது நீதானே, நீயே குடு."

அவை இன்னும் அந்தச் சுவர்மேல்தான் கிடக்கின்றன. டேசிகூட அந்தப் பக்கமாகப் பனியில் இறங்குவதில்லை.