எந்த ஊர்க் கணக்கு

எங்கள் சர்ச் பங்கில் திருவிழாவுக்கு ரத்தம் கொடுப்பது நேர்த்திக்கடன் மாதிரி. தேர்பவனி முடிந்த மறுநாள் காலை பந்தலிலேயே கட்டில் போட்டுவிடுவார்கள். என் வீட்டுக்காரர் செபாஸ்டின் ஒரு வருஷமும் தவறியதில்லை. இந்த வருஷம் கொடுத்துவிட்டு வந்த பிறகு சேலம் ரத்த வங்கியிலிருந்து போன் வந்தது. ரத்தத்தில் எச்.ஐ.வி. இருக்கலாம் என்று முதல் சோதனை காட்டுகிறதாம். உறுதி செய்ய இன்னொரு முறை ரத்தம் கொடுக்க வர வேண்டுமாம்.

போனை வைத்தவர் அடுப்படியில் வந்து உட்கார்ந்தார்.

"நான் போவலை சாரா. போனா தலைச்சோலை ஊரு பூராத் தெரிஞ்சுரும்."

எனக்குப் பயம் வந்தால் முதலில் கோபம்தான் வரும். "ஊட்டுக்குள்ளயே உக்காந்துக்கிட்டா நோவு பயந்து ஓடிருமாங்க?" என்று கத்திவிட்டேன். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினேன். நான் கணக்கு டீச்சர். ஒன்பதாம் வகுப்பில் வருஷா வருஷம் போடும் புதிரைத்தான் அவருக்கும் சொன்னேன்.

ஓர் ஊரில் ஆயிரம் பேர். ஒருவருக்குத்தான் நோய். சோதனை அந்த ஒருவரை விடாமல் பிடித்துவிடும். ஆனால் நோய் இல்லாதவர்களிலும் நூற்றுக்கு ஒருவரைத் தவறாகக் காட்டும். ஊரையே சோதித்தால், நிஜ நோயாளி ஒருவரோடு ஒரு பாவமும் அறியாத பத்துப் பேரும் மாட்டுவார்கள். சோதனை கைகாட்டிய பதினொரு பேரில் பத்துப் பேருக்கு ஒன்றுமே இல்லை. நோய் இருக்க நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வாய்ப்பு என்று அடித்துச் சொல்லும் பிள்ளைகள், விடையைக் கேட்டு வாயைப் பிளக்கும்.

"நெசமாவா? பதினொண்ணுல பத்தா?" அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "செரி, நாளைக்கே போலாம்."

அவர் தூங்கிவிட்டார். என் தூக்கம் போயிற்று.

புதிரில் ஊரை வைப்பவள் நான். என் வசதிக்கு நல்ல ஊராக வைத்துக்கொள்கிறேன். இவரோ காப்பி சீசன் முடிந்ததும் மிளகு பறிக்கிற ஆட்களை லாரியில் ஏற்றிக்கொண்டு குடகுக்குப் போகிறவர். மாதக்கணக்கில் கொட்டகை வாசம். யார் கண்டது? ஆயிரத்தில் நூறு பேருக்கு நோய் இருக்கும் ஊர் என்று மாற்றிப் போட்டுப் பார்த்தேன். இப்போது மாட்டுகிறவர்களில் நூறு பேர் நிஜம், ஒன்பது பேர்தான் தவறு. அதே சோதனை, விடை தலைகீழ். இவரை எந்த ஊரில் வைப்பது என்று எந்தக் கணக்குப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை.

காலையில் சேலம் பஸ்ஸில் ஏறினோம். ஏற்காடு ஒண்டிக்கடை ஸ்டாப் தாண்டியதும் கேட்டே விட்டேன்.

"ஏனுங்க, குடகுல ஏதாச்சும் உண்டா?"

அவர் என்னை நேராகப் பார்த்தார். "இல்ல சாரா."

அவ்வளவுதான். சத்தியம் பண்ணவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. லாரியில் ஒரு கீறல் விழுந்தால்கூட மறைக்கத் தெரியாமல் முழிக்கிற மனுஷன் அவர். முதல் ஊரிலேயே அவரை வைத்தேன். வளைவுக்கு வளைவு பஸ் ஆடியது. நான் அவர் தோளில் சாய்ந்து, அடிவாரம் வரும்வரை அசந்து தூங்கினேன்.

ரிசல்ட் வாங்க மறுபடி போனபோது, அங்கிருந்த நர்ஸம்மா எங்களை உட்காரச் சொன்னார். "நொம்ப பயந்துட்டீங்களா? உங்களுக்கு ஒண்ணுமில்லைங்க. மொத சோதனை சில சமயம் தப்பாக் காட்டிரும்."

நான் அங்கேயே முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவ்வளவு சந்தோஷம். வகுப்பில் இதே விடையை எத்தனை தடவை எழுதிப் போட்டிருப்பேன், ஒரு தடவையாவது நெஞ்சில் பட்டிருக்கிறதா?

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது அவர் மெதுவாகக் கேட்டார்.

"அன்னிக்கு பஸ்ல நான் இல்லைன்னு சொன்னனே. அப்பவே நம்புனியா, இல்ல இப்பத்தான் நம்புறியா?"

"அப்பவே நம்பிட்டனுங்க. ரிசல்ட் வந்த பொறவு யாரு வேணா நம்புவாங்க. அதுக்குப் பொண்டாட்டி எதுக்கு?"

அவர் அத்தனை பேர் போகிற வருகிற ரோட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஏற்காடு பஸ் கிளம்பிப் போவதைப் பார்த்தும் இரண்டு பேரும் ஓடவில்லை.