பூட்டிய கோர்ட்டில் ஆஜர்

அந்த ஊர்க் கோர்ட்டை மூடியதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. கூரை ஒழுகியது, பழுது பார்க்க அரசு நிதி ஒதுக்கவில்லை. வழக்குகளை நகரக் கோர்ட்டுக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், போக மட்டும் நாலு மணி நேரம். வழக்குக் கட்டுகளை அடுக்கி அனுப்ப ரெக்கார்ட் கிளார்க் ஒருத்தியை மட்டும் மூன்று மாதம் விட்டுவைத்தார்கள். இருபத்தாறு வருஷமாகக் கட்டுகளைக் கட்டியே விரல் காய்த்துப்போனவள். வக்கீல்களுக்குக்கூட அவள் கட்டம்மாதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு உள்ளூர்த் தையல்காரி ஒருத்தி வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். கழுத்தில் கிடந்த அளவு டேப்பைக் கழற்ற மறந்திருந்தாள். புருஷன் செத்த மறுமாதமே கொழுந்தன் அவளையும், படுக்கையில் கிடக்கும் தன் சொந்தத் தாயையும் வெளியே தள்ளி வீட்டைப் பூட்டிவிட்டிருந்தான். அதற்கு அவள் போட்ட வழக்குக்கு அன்று வாய்தா. இங்கே ஜட்ஜும் இல்லை, மேஜையும் இல்லை, வாய்தா நகரத்தில்தான் என்று கட்டம்மா எடுத்துச் சொல்லியும் அவள் அசையவில்லை.

"மாமியாரை விட்டுட்டு நாள் பூரா எப்படிக்கா போவேன்? வாய்தாவுக்கு வரலைன்னு யாரும் சொல்லிடக் கூடாது. இங்கயாவது உக்காந்துக்கறேன்."

கட்டம்மா தலையில் அடித்துக்கொண்டு ரெக்கார்ட் அறைக்குப் போனாள்.

பதினொன்றேகாலுக்கு, பூட்டியிருந்த கோர்ட் ஹாலுக்குள்ளிருந்து தையல்காரியின் பெயரை யாரோ கூப்பிட்டார்கள். மூன்று முறை. கடைசி எழுத்தை இழுக்கும் கரகரத்த குரல். வழக்குப் பெயர்களைக் கூப்பிடுவதே வேலையாக இருந்த டவாலியின் குரல் அது. அவர் செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கட்டம்மா அவர் சாவுக்குப் போய் வந்தவள்.

தையல்காரி எழுந்து கதவுக்கு முன் போய் நின்று, "வந்திருக்கேங்க" என்றாள். ஐந்து நிமிஷம் கைகட்டி நின்றுவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பிப் போனாள். கட்டம்மா பூட்டைத் திறந்தாள். வெறும் ஹால். தரையெல்லாம் தூசி. ஒரு காலடித் தடம்கூட இல்லை.

மறுநாள் ஏதோ ஒரு கட்டைப் பற்றி விசாரிக்க நகரக் கோர்ட்டின் பெஞ்ச் கிளார்க் போன் செய்தார். பேச்சோடு பேச்சாகக் கட்டம்மா தையல்காரியின் வழக்கைக் கேட்டாள். மனுதாரர் ஆஜர், அடுத்த மாதம் தீர்ப்பு என்றார். அவள் நம்பாமல் மறுபடி கேட்டாள்.

"என் கண்ணால பாத்தேம்மா. கழுத்துல டேப்போட வந்து நின்னுச்சு."

இதை வெளியே சொன்னால் தன்னைத்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள் என்று கட்டம்மா வாயை மூடிக்கொண்டாள். அதற்குள் மூன்று மாதம் முடிந்து அவளையும் நகரத்துக்கு மாற்றினார்கள்.

தீர்ப்பு நாளன்று போட்டது போட்டபடி நகரக் கோர்ட் ஹாலுக்கு ஓடினாள். கொழுந்தன் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தான். தையல்காரி கைகட்டி நின்றிருந்தாள். கட்டம்மா அருகில் போய், எப்போது வந்தாய் என்று மெல்லக் கேட்டாள். அவள் திரும்பவில்லை. மூக்குக்கு நேரே ஒரு மூடிய கதவு இருப்பதுபோல வெறித்துக்கொண்டு நின்றாள். தொடப்போன கையைக் கட்டம்மா இழுத்துக்கொண்டாள். வீடு தையல்காரிக்கே என்று ஜட்ஜ் படித்தார்.

சாயங்காலம் கட்டம்மா அவளுக்குப் போன் செய்தாள்.

"பழைய கோர்ட்டுலதான்க்கா நின்னேன். வீடு எனக்குத்தான்னு உள்ளேருந்து படிச்சாங்க. அதுக்கு முன்னாடி கதவுக்கு அந்தப் பக்கமிருந்து நீங்க 'எப்ப வந்தே'ன்னு கேட்டீங்க. கோர்ட்டுல பேசக் கூடாதேன்னு நான் வாயத் தொறக்கல. என்னப் பாத்து இப்ப ஊர்ல நெறயப் பேர் வாய்தாவுக்கு அந்த பெஞ்சுலதான் வந்து உக்கார்றாங்க."



தையல்காரி சாவியை வாங்கி, மாமியாரோடு குடிபோனாள். அடுத்த மாதமே பழைய கோர்ட்டை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அந்த மாதம் மட்டும் அவ்வூர் வழக்குகள் பதினேழு, மனுதாரர் வரவில்லை என்று தள்ளுபடியாயின. தள்ளுபடியான வழக்கைத் திரும்ப எடுக்க முப்பது நாள் அவகாசம் உண்டு, எப்படியாவது வந்துவிடுங்கள் என்று பதினேழு பேருக்கும் கட்டம்மா தன் கைப்பட எழுதிப் போட்டாள். நாலு பேர் வந்தார்கள்.