கவன்ட்ரிக்குப் போன இருவர்

கிளிஃபர்ட் தன் போர்க்கால ரேஷன் சர்க்கரையை நோராவின் தேநீரில் போட்டுக் கலக்கியதைப் பார்த்த அன்றே ஹில்டாவுக்கு வயிறு எரியத் தொடங்கியது. இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் பூட்ஸ் தொழிற்சாலையில் ஆறு வருஷமாக அவன் பக்கத்து மேஜையில் தோல் தைக்கிறவள் அவள். நோரா நேற்று வந்தவள்.

சாப்பாட்டு வேளையில் சங்கத் தலைவி பெரிலிடம் போய்ப் பொய்யைப் பற்றவைத்தாள்.

"சொல்லக் கூடாதுதான் பெரில். மெதுவா தைக்கலாம்னு நாம பேசி வச்சதை நோரா மேஸ்திரி காதுல போட்டுட்டா."

"அப்படியா சங்கதி? அவளைக் கவன்ட்ரிக்கு அனுப்பிட வேண்டியதுதான்."

ரயிலேற்றி அனுப்புவார்கள் என்று நினைக்க வேண்டாம். முந்நூறு வருஷத்துக்கு முன் உள்நாட்டுச் சண்டையில் பிடிபட்ட ராஜாவின் சிப்பாய்களைக் கவன்ட்ரி ஊருக்கு அனுப்பினார்களாம். அந்த ஊரில் ஒருவரும் அவர்களுக்கு முகம் கொடுத்துப் பேசவில்லையாம். நிஜமோ கட்டுக்கதையோ, வழக்கம் நிலைத்துவிட்டது. ஆள் இருந்த இடத்திலேயே இருப்பார், யாரும் பேச மாட்டார்கள். மீறிப் பேசுகிறவருக்கும் அதே கதி.

மறுநாள் நோரா வணக்கம் சொன்னாள். எல்லாத் தலைகளும் குனிந்தன. கத்தரிக்கோல் கேட்டாள், யார் காதிலும் விழவில்லை. மதியம் கழிப்பறையில் அழுதுவிட்டு வந்தாள். கண் வீங்கியும் அழகாகத்தான் இருந்தாள், பாவி.

கிளிஃபர்ட் எழுந்து போனான். "என்ன நோரா, சாப்பிட்டியா?" என்றான், கூடத்துக்கே கேட்கும்படி.

"சரி, இவனையும் சேர்த்து அனுப்புங்க" என்றாள் பெரில்.

ஹில்டாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதை அவள் யோசித்தே பார்க்கவில்லை. அன்று முதல் அந்த இருவருக்கும் பேச வேறு ஆளில்லை. ஒரே மூலையில் உட்கார்ந்து ஒரே பொட்டலத்து ரொட்டியைத் தின்றார்கள். நாளாக ஆகச் சிரிக்கவும் தொடங்கினார்கள். ஹில்டா பொறாமையில் வெந்தாள். உண்மையைச் சொல்லலாம் என்றால், அடுத்து கவன்ட்ரிக்குப் போவது அவள்தான்.

கோடை பிறந்ததும் ஒருநாள் கிளிஃபர்ட் அவள் மேஜையருகே வந்து நின்றான்.

"உன்னால பதில் சொல்ல முடியாதுன்னு தெரியும் ஹில்டா. ஆறு வருஷப் பழக்கம், சொல்லாம இருக்க மனசு வரல. சனிக்கிழமை எனக்கும் நோராவுக்கும் கல்யாணம். உன் மனசுல ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடு, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

பெரில் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஒரு கேள்விக்காகத்தான் ஹில்டா ஆறு வருஷம் காத்திருந்தாள். அவன் போகும்வரை தையல் இயந்திரத்தை வேகமாக ஓட்டிக்கொண்டிருந்தாள்.